மரத்தூளிலிருந்து பேட்டரி: செய்திகளில் விடுபட்டுப்போகும் பாதி

மரக்கழிவிலிருந்து பேட்டரி, நெல் உமியிலிருந்து பேட்டரி, தேங்காய்ச் சிரட்டையிலிருந்து பேட்டரி. இப்படியொரு தலைப்பு அடிக்கடி கண்ணில் படுகிறது. பலர் பகிரப் பகிர செய்தியும் வளர்ந்துவிடுகிறது. இனி லித்தியமே வேண்டாம் என்கிறார் ஒருவர். தூக்கிப் போட்டால் மண்ணோடு மக்கிவிடும் என்கிறார் இன்னொருவர். அடுப்புக்கரியைத் தூளாக்கினாலே போதும் என்று செய்முறை சொல்பவர்களும் இருக்கிறார்கள். இந்த மூன்றுமே தவறு.

அதற்காக விஷயமே பொய் என்று ஒதுக்கிவிட வேண்டாம். தாவரங்களிலிருந்து எடுக்கும் கார்பனை மறுசார்ஜ் பேட்டரிகளில் பயன்படுத்துவது உண்மையான, முக்கியமான துறை. சோடியம் பேட்டரிகளின் எதிர்காலம் பெருமளவுக்கு இதை நம்பித்தான் இருக்கிறது. ஆனால் எந்தச் செடி, எந்தத் தோல், எந்த ஓடு என்பதில்தான் மாயம் இருக்கிறது என்று தலைப்புகள் நினைக்க வைக்கின்றன. உண்மையில் கார்பன் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அந்த அடுக்கை உருவாக்குவதில் செடிக்கு எவ்வளவு பங்கு உண்டோ, உலைக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

பேட்டரிக்குள் கார்பனுக்கு என்ன வேலை?

லித்தியம் அயனி பேட்டரியை முதலில் எடுத்துக்கொள்வோம். அதற்குள் இரண்டு மின்முனைகள் உள்ளன. ஒன்று நேர்மின்முனை, அதாவது கேத்தோடு. மற்றொன்று எதிர்மின்முனை, அதாவது ஆனோடு. இரண்டுக்கும் இடையில் எலக்ட்ரோலைட் என்ற திரவம் இருக்கிறது. அயனி என்பது எலக்ட்ரானை இழந்ததாலோ கூடுதலாகப் பெற்றதாலோ மின்னேற்றம் கொண்ட அணு. எலக்ட்ரோலைட் வழியாக அயனிகள் போகலாம், எலக்ட்ரான்கள் போக முடியாது.

சார்ஜ் செய்யும்போது லித்தியம் அயனிகள் கேத்தோடிலிருந்து புறப்பட்டு, எலக்ட்ரோலைட்டைக் கடந்து, ஆனோடுக்குள் போய் உட்காருகின்றன. எலக்ட்ரான்கள் வெளியே கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டு அங்கேயே வந்து சேர்கின்றன. பயன்படுத்தும்போது எல்லாம் எதிர்த்திசையில் நடக்கிறது. திரும்பும் வழியில் எலக்ட்ரான்கள் செய்யும் வேலைதான் நமக்குக் கிடைக்கும் மின்சாரம்.

ஆனோடில் அயனிகளுக்கு இடம் கொடுக்கும் பொருள்தான் கார்பன். அது மின்சாரத்தை உற்பத்தி செய்வதில்லை. எரிபொருளும் அல்ல. அயனிகள் வந்து தங்கிப் போகும் இடம், அவ்வளவுதான். ஆகவே தாவரக் கார்பன் வந்தால் லித்தியம் தேவையில்லை என்பது பொருந்தாது. அயனி லித்தியமோ சோடியமோ, அதைக் கொண்டுவருவது கேத்தோடு. செய்தியில் "தாவர பேட்டரி" என்று வந்தாலும், அநேகமாக எப்போதும் பேட்டரியின் ஒரு பக்கத்து மின்முனை மட்டுமே தாவரத்திலிருந்து வந்திருக்கும்.

கிராஃபைட்: சீராக அடுக்கிய தாள்கள்

இன்று லித்தியம் பேட்டரிகளின் ஆனோடு பெரும்பாலும் கிராஃபைட்தான். ஒரு கட்டுத் தாளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளும் ஓர் அணு தடிமன் மட்டுமே உள்ள கார்பன் விரிப்பு. அந்த விரிப்பில் கார்பன் அணுக்கள் அறுகோணம் அறுகோணமாகக் கைகோத்திருக்கின்றன. தாளுக்கும் தாளுக்கும் இடைவெளி 0.335 நானோமீட்டர். லித்தியம் அயனி அந்த இடைவெளிக்குள் நுழையும்போது தாள்கள் சுமார் 10 சதவீதம் விலகிக் கொடுக்கின்றன. வெளியேறும்போது மறுபடி நெருங்கிக்கொள்கின்றன.

முழுவதும் நிரம்பிய கிராஃபைட்டில் ஆறு கார்பன் அணுவுக்கு ஒரு லித்தியம் இருக்கும். இதிலிருந்து கணக்குப் போட்டால் ஒரு கிராம் கிராஃபைட் 372 மில்லி ஆம்பியர் மணி மின்னேற்றத்தைத் தாங்கும் என்று வருகிறது. இதைக் கொள்ளளவு என்பார்கள். 5000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருக்கும் ஒரு செல்பேசி பேட்டரியை எடுத்துக்கொண்டால், அதற்குள் குறைந்தது 13 அல்லது 14 கிராம் கிராஃபைட் இருக்க வேண்டும். நடைமுறையில் இன்னும் சற்றுக் கூடுதலாகவே போடுகிறார்கள். மின்காரின் பேட்டரி என்றால் பத்துக்கணக்கான கிலோ.

இந்தக் கிராஃபைட் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று சுரங்கம். மற்றொன்று பெட்ரோலியச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கோக் போன்ற பொருட்களைச் சுமார் 3000 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிச் செய்வது. பேட்டரித் தரத்துக்குப் பதப்படுத்தும் வேலையில் பெரும்பங்கு சீனாவில் நடக்கிறது. 2023 டிசம்பரில் கிராஃபைட் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, கார்பனுக்கு வேறு மூலம் தேடும் அவசரம் மற்ற நாடுகளில் கூடிவிட்டது. தாவரங்களின் பக்கம் பலர் திரும்ப இது ஒரு காரணம். இன்னொரு காரணம் சோடியம்.

சோடியம் ஏன் கிராஃபைட்டில் தங்குவதில்லை?

லித்தியம் பூமியில் பரவலாக இருந்தாலும் செறிவு மிகக் குறைவு. சோடியம் அப்படியல்ல. பூமியின் மேலோட்டில் அதன் எடைப்பங்கு 2 சதவீதத்துக்கும் மேல், கடலிலோ எடுக்க எடுக்கக் குறையாத அளவு. போதாததற்கு, லித்தியம் பேட்டரியின் ஆனோடுக்குச் செம்புத் தகடு வேண்டும். சோடியம் பேட்டரியில் அந்த இடத்தில் மலிவான அலுமினியத் தகடே போதும். சரி, லித்தியத்துக்குப் பதில் சோடியத்தைப் போட்டு, மற்றதை அப்படியே விட்டால் என்ன?

நடக்காது. கிராஃபைட் சோடியத்தை அநேகமாக ஏற்பதே இல்லை. கிராமுக்கு சுமார் 35 மில்லி ஆம்பியர் மணிக்கு மேல் போவதில்லை. லித்தியத்தோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு.

சோடியம் அயனி பெரியது, அதனால் நுழைய முடியவில்லை என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். இந்த விளக்கம் எளிதாக இருக்கிறது, ஆனால் தவறு. பொட்டாசியம் அயனி சோடியத்தைவிடப் பெரியது. அது கிராஃபைட்டுக்குள் நன்றாகவே நுழைகிறது. எட்டு கார்பனுக்கு ஒரு பொட்டாசியம் என்ற கணக்கில் நிரம்பவும் செய்கிறது. எனவே உருவ அளவு மட்டும் காரணமாக இருக்க முடியாது.

ஆற்றல் கணக்குதான் காரணம். ஓர் அணு தாள்களுக்கு இடையே நுழைந்தால், தாள்களை விலக்க ஆற்றல் செலவாகிறது. கார்பனோடு அந்த அணு பிணைவதால் ஆற்றல் கிடைக்கிறது. லித்தியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் வரவு செலவைவிட அதிகம். சோடியம் கார்பனோடு பிணைவது பலவீனமாக இருப்பதால், அதற்கு இந்தக் கணக்கு நட்டத்தில் முடிகிறது. உள்ளே போவதைவிட வெளியே உலோகமாகப் படிவதே அதற்கு எளிது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கார்பன் என்பது அயனிகள் தங்கும் இடம். லித்தியத்துக்குக் கிராஃபைட் நன்றாகப் பொருந்துகிறது. சோடியத்துக்கு வேறுவிதமாக அடுக்கப்பட்ட கார்பன் வேண்டும்.

ஹார்டு கார்பன்: கசங்கிய தாள்கள்

இப்போது அதே தாள்களைக் கிழித்து, கசக்கி, ஒரு பெட்டிக்குள் திணித்ததாக நினைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று தாள்கள் சில இடங்களில் சேர்ந்தே இருக்கும், ஆனால் வளைந்து, சற்று விலகி இருக்கும். பல துண்டுகள் ஒன்றுக்கொன்று குறுக்கே கிடக்கும். நடுநடுவே வெற்றிடங்கள் மாட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் இது பழையபடி சீரான கட்டாகாது.

கார்பனில் இந்த வடிவத்துக்கு ஹார்டு கார்பன் என்று பெயர். எவ்வளவு சூடாக்கினாலும் கிராஃபைட்டாக மாறாத கார்பன் என்பது அதன் இலக்கணம். இந்தப் பிரிவினையை 1951இல் தெளிவாக நிறுவியவர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின். டிஎன்ஏ ஆய்வுக்காக இன்று நினைவுகூரப்படும் அதே ஃபிராங்க்ளின்தான். அதற்கு முன் பாரிஸில் அவர் பல வகைக் கரிகளை எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்தார். சில கார்பன்கள் 3000 டிகிரியை நெருங்கும்போது கிராஃபைட்டாக ஒழுங்குபடுகின்றன, சில அந்த வெப்பத்திலும் மசிவதில்லை என்று காட்டினார். பேட்டரிக்காக யாரும் கார்பனைத் தேடாத காலத்தில் செய்த அந்த வேலை, இன்று சோடியம் பேட்டரி ஆய்வின் அடித்தளமாக இருப்பது எனக்குப் பெரிய வியப்பு.

தாவரங்களுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு இங்கேதான் வருகிறது. பெட்ரோலியத் தாரைச் சூடாக்கினால் அது முதலில் உருகி ஓடும். ஓடும் நிலையில் மூலக்கூறுகள் நகர்ந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. அதனால் மேலும் சூடாக்கும்போது அது கிராஃபைட்டாகிறது. மரத்தில் அப்படி நடப்பதில்லை. மரக்கரியில் மரத்தின் ரேகைகள் அப்படியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். உருகி ஓடியிருந்தால் ரேகை மிஞ்சியிருக்காது. தாவரப் பொருளில் ஆக்சிஜன் நிறைய இருக்கிறது. சூடாகும்போது அது கார்பன் சங்கிலிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்துப் பூட்டிவிடுகிறது. பூட்டிய பிறகு விரிப்புகள் நகர்ந்து ஒழுங்காக வழியில்லை. கசங்கிய நிலை நிலைத்துவிடுகிறது. கிராஃபைட் செய்ய நினைப்பவருக்குத் தொல்லையான இந்தக் குணம்தான் சோடியத்துக்கு வரமாகிறது. இரும்பு போன்ற வினையூக்கிகளைச் சேர்த்தால் மரத்தையும் கிராஃபைட்டாக மாற்ற முடியும், அது தனி வழி.

ஹார்டு கார்பனில் விரிப்புகளுக்கு இடைவெளி பொதுவாக 0.37 முதல் 0.40 நானோமீட்டர் வரை. சோடியம் முதலில் விரிப்புகளின் ஓரங்களிலும் குறைபாடுள்ள இடங்களிலும் ஒட்டுகிறது. விரிப்புகளுக்கு நடுவே நுழைகிறது. கடைசியில் உள்ளே சிக்கிய நுண்ணிய வெற்றிடங்களில் கூட்டமாகச் சேர்கிறது. எந்தப் பகுதி எந்தக் கட்டத்தில் நிரம்புகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. அந்த வெற்றிடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

2000ஆம் ஆண்டில் கனடாவின் ஸ்டீவன்ஸ், டான் இருவரும் குளுக்கோஸைக் கரியாக்கிச் செய்த ஹார்டு கார்பன், கிராமுக்கு சுமார் 300 மில்லி ஆம்பியர் மணி சோடியத்தை ஏற்பதைக் காட்டினார்கள். கிராஃபைட்டின் 35க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த எண்ணின் அருமை புரியும். சோடியம் பேட்டரி என்ற கனவு மறுபடி உயிர்பெற்றதில் அந்த ஆய்வுக்கு முக்கிய இடம் உண்டு.

உலைக்குள் நடப்பது

காற்றில்லாமல் சூடாக்கிச் சிதைப்பதை வெப்பச்சிதைவு என்பார்கள். காற்று இருந்தால் கார்பன் எரிந்து போய்விடும். அதனால் உலையில் நைட்ரஜன் அல்லது ஆர்கான் வாயுவை ஓட விடுகிறார்கள்.

தாவர உடலில் மூன்று முக்கியப் பொருட்கள் உண்டு. செல்லுலோஸ் நீண்ட சர்க்கரைச் சங்கிலி. ஹெமிசெல்லுலோஸ் கிளைவிட்ட, பலவீனமான சர்க்கரைச் சங்கிலி. லிக்னின் இவற்றைக் கெட்டியாகப் பிடித்து மரத்துக்கு உறுதி தருவது. 200 டிகிரியைத் தாண்டும்போது ஹெமிசெல்லுலோஸ் முதலில் சிதைகிறது. 300 முதல் 400 டிகிரிக்குள் செல்லுலோஸ். லிக்னின் அவசரப்படாமல் பரந்த வெப்பநிலையில் மெல்ல மெல்லச் சிதைகிறது. 500, 600 டிகிரியில் கையில் கிடைப்பது சாதாரணக் கரி. அடுப்புக்கரியைத் தூளாக்கிப் பேட்டரி செய்யலாம் என்பவர்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். அந்தக் கரியில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இன்னும் நிறைய ஒட்டிக்கொண்டிருக்கும். மின்சாரத்தையும் அது சரியாகக் கடத்தாது.

பேட்டரிக்கான வேலை அதற்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. பெரும்பாலும் 1000 முதல் 1500 டிகிரி வரை கொண்டுபோகிறார்கள். மிச்சமிருந்த ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியேறுகின்றன, விரிப்புகள் வளர்கின்றன, திறந்திருந்த நுண்துளைகள் வாய் மூடிக்கொள்கின்றன. ரொம்பவும் சூடாக்கினால் விரிப்புகள் நெருங்கி, சோடியம் நுழையும் இடம் குறைந்துவிடும். ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் பொருத்தமான வெப்பநிலையைத் தேடிப் பிடிப்பதிலேயே ஆய்வின் பெரும்பகுதி கழிகிறது.

எவ்வளவு மிஞ்சும்? செல்லுலோஸின் எடையில் கார்பன் 44 சதவீதம்தான். மற்றது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும். அந்தக் கார்பனிலும் ஒரு பகுதி வாயுவாகவும் தாராகவும் போய்விடுவதால், கைக்கு வருவது அதைவிட மிகக் குறைவு. லிக்னின் அதிகமுள்ள பொருட்களில் மிச்சம் கூடுதல். தேங்காய்ச் சிரட்டை போன்ற கெட்டியான ஓடுகள் இந்தத் துறையில் விரும்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1300 டிகிரியைப் பார்த்துவிட்டு வந்த பொருளில் செடியின் எந்தக் குணமும் இல்லை, கிட்டத்தட்ட முழுக்க முழுக்கக் கார்பன்தான். மண்ணில் போட்டால் மக்காது. பேட்டரியின் மற்ற உறுப்புகளான உலோகத் தகடு, கேத்தோடு, எரியக்கூடிய எலக்ட்ரோலைட் எல்லாம் வழக்கம் போலவே இருக்கின்றன. தாவரத்திலிருந்து வந்தது என்பதற்காகப் பழைய பேட்டரியைக் குப்பையில் வீசக் கூடாது.

துளை அதிகமானால் நல்லதா?

நான் அதிகம் பார்க்கும் குழப்பம் இது. துளைகள் நிறைந்த கார்பன் என்றாலே நல்ல கார்பன் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அதற்குக் காரணம் ஆக்டிவேட்டட் கார்பன். நீர் வடிகட்டிகளில் இருக்கும் அந்தக் கரியில், ஒரு கிராமின் உட்பரப்பை விரித்தால் 1000 சதுர மீட்டரைத் தாண்டும். சூப்பர் கெபாசிட்டர் என்ற கருவிக்கு இது மிகவும் ஏற்றது. அங்கே அயனிகள் உள்ளே நுழைவதில்லை, கார்பனின் பரப்பில் ஒட்டி விலகுகின்றன. பரப்பு அதிகமானால் சேமிப்பும் அதிகம். தாவர ஓடுகளிலிருந்து செய்த ஆக்டிவேட்டட் கார்பன் சூப்பர் கெபாசிட்டர்களில் ஏற்கெனவே விற்பனையில் இருக்கிறது.

பேட்டரி ஆனோடில் கதை தலைகீழ். ஏன் என்று புரிய முதல் சார்ஜைக் கவனிக்க வேண்டும்.

ஆனோடின் மின்னழுத்தம் மிகத் தாழ்ந்த நிலைக்குப் போகும்போது, எலக்ட்ரோலைட்டால் அதைத் தாங்க முடியாது. கார்பனைத் தொடும் இடத்தில் அது சிதைந்து, பரப்பின் மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிகிறது. இதை எஸ்.இ.ஐ. படலம் என்பார்கள். இந்தப் படலம் தேவையானதுதான். அது உருவான பிறகு எலக்ட்ரோலைட் மேற்கொண்டு சிதையாமல் தடுக்கிறது, அயனிகளை மட்டும் உள்ளே விடுகிறது. ஆனால் அதைக் கட்ட அயனிகளே செலவாகின்றன. அப்படிச் செலவானவை திரும்பி வருவதில்லை.

பரப்பு எவ்வளவு அதிகமோ, படலத்துக்கான செலவும் அவ்வளவு அதிகம். முதல் சார்ஜில் 100 சோடியம் அயனிகள் ஆனோடுக்குள் போகின்றன, முதல் டிஸ்சார்ஜில் 80 மட்டும் வெளியே வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். இதை முதல் சுழற்சித் திறன் 80 சதவீதம் என்பார்கள். போன 20 அயனிகளும் கேத்தோடிலிருந்து வந்தவை. கேத்தோடுதான் அநேகமாக பேட்டரியின் விலை உயர்ந்த பகுதி. பேட்டரி பிறந்த அன்றே அதில் ஐந்தில் ஒரு பங்கு வீண். துளைகள் திறந்து கிடக்கும் கார்பனில் இந்தத் திறன் 50 சதவீதத்துக்கும் கீழே போவதுண்டு.

ஆக, வேண்டியது துளை இல்லாத கார்பனும் அல்ல, துளை நிறைந்த கார்பனும் அல்ல. உள்ளே வெற்றிடங்கள் இருக்க வேண்டும், அவற்றின் வாய் எலக்ட்ரோலைட்டுக்கு மூடியிருக்க வேண்டும். சோடியம் அயனி கார்பன் விரிப்புகளின் ஊடாக அந்த வெற்றிடத்தை அடையலாம். எலக்ட்ரோலைட் மூலக்கூறு பெரியது, அதனால் நுழைய முடியாது. இதை மூடிய துளை என்கிறார்கள். நல்ல ஹார்டு கார்பனில் வெளிப்பரப்பு கிராமுக்குச் சில சதுர மீட்டர்தான் இருக்கும். ஆக்டிவேட்டட் கார்பனின் நூற்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழே.

ஒரே தேங்காய்ச் சிரட்டையிலிருந்து நீராவி கொண்டு துளை திறந்தால் நீர் வடிகட்டிக்கான கரி. உயர் வெப்பத்தில் துளைகளை மூடவிட்டால் பேட்டரிக்கான ஹார்டு கார்பன். மூலப்பொருள் ஒன்றுதான், முடிவு இரண்டு.

மூடிய துளைகளுக்கும் ஒரு விலை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அவை நிரம்பும்போது ஆனோடின் மின்னழுத்தம், சோடியம் உலோகமாகப் படியும் புள்ளிக்கு வெகு அருகில், 0.1 வோல்ட்டுக்கும் கீழே இருக்கிறது. அவசரமாகச் சார்ஜ் செய்தால் சோடியம் துளைக்குள் போகாமல் வெளியே உலோகமாகப் படியலாம். அது ஊசி போல வளர்ந்து மறுபக்கத்தைத் தொட்டால் குறுஞ்சுற்று, அதாவது ஷார்ட் சர்க்யூட் ஆகும். கொள்ளளவும் வேகமும் ஒன்றையொன்று இழுக்கும் இடம் இது. தாவரக் கார்பன் என்றாலே நொடியில் சார்ஜ் ஆகும் என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் சூப்பர் கெபாசிட்டரையும் பேட்டரியையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டவர்கள்.

சாம்பல் என்ற தொல்லை

செடி மண்ணிலிருந்து தண்ணீரோடு சேர்த்து பொட்டாசியம், கால்சியம், சிலிக்கா எல்லாவற்றையும் உறிஞ்சுகிறது. சூடாக்கும்போது கார்பன் அல்லாத பல பொருட்கள் வெளியேறினாலும் இந்தக் கனிமங்களில் பெரும்பகுதி தங்கிவிடும். எரித்தால் மிஞ்சும் சாம்பல் இவைதான். மின்முனையில் இவை எடையைக் கூட்டும், வேண்டாத வினைகளைக் கிளப்பும். பொட்டாசியத்தையும் கால்சியத்தையும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் போன்றவற்றில் கழுவி நீக்கலாம். சிலிக்கா அதற்கு அசைந்து கொடுக்காது, காரம் வேண்டும். நெல் உமியை எரித்தால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சாம்பல், அதில் பெரும்பாலும் சிலிக்கா. அதனால் உமியைக் கார்பனுக்காக அல்லாமல் சிலிக்கானுக்காகப் பயன்படுத்துவோரும் உண்டு. அது வேறு தடம்.

கழுவும் அமிலம், கழுவிய நீர், அதைச் சுத்திகரிக்கும் செலவு எதுவும் தலைப்புச் செய்தியில் வருவதில்லை. பசுமை என்று சொல்லும் முன் இவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கிராஃபைட்டின் 3000 டிகிரிக்குப் பதில் 1300 டிகிரி என்பது நிச்சயம் பெரிய சேமிப்பு. ஆனால் ஒரு கிலோ கார்பனுக்கு எத்தனை கிலோ மூலப்பொருளை உலர்த்தி, ஏற்றி, சுட வேண்டும் என்பதும் அதே கணக்கின் இன்னொரு வரி.

ஒரே சீரான தரம் என்பது அதைவிடப் பெரிய சிக்கல். ஒரே வகை மரம்கூட மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் மாறும். ஆய்வகத்தில் சில கிராம் செய்வதற்கு நல்ல துண்டாகப் பொறுக்கிக்கொள்ளலாம். தொழிற்சாலையோ ஆண்டு முழுவதும் டன் கணக்கில், ஒவ்வொரு மூட்டையும் ஒன்று போல இருக்க வேண்டும் என்கிறது. பல நல்ல ஆய்வக முடிவுகள் இங்கேதான் நின்றுவிடுகின்றன.

மூலப்பொருள் உண்மையில் சும்மா கிடக்கிறதா?

கழிவுதானே, இலவசம்தானே என்ற எண்ணமும் முழுக்கச் சரியல்ல. காகிதக் கூழ் ஆலைகளில் மரத்திலிருந்து செல்லுலோஸைப் பிரித்தபின், லிக்னின் கரைந்த கறுப்புத் திரவம் மிஞ்சுகிறது. அதை ஆலைகள் கொட்டிவிடுவதில்லை. எரித்து, ஆலைக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் எடுக்கின்றன. லிக்னினை பேட்டரிக்கு எடுத்தால் அந்த ஆற்றலுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். சிரட்டைக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் ஆலைகள் ஏற்கெனவே வாடிக்கையாளர்கள். வயலில் விடும் தாளும் தட்டையும் மண்ணுக்கு உரமாகின்றன. இதனால் இந்த முயற்சி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எந்த இடத்தில், எந்தப் பொருள் உண்மையிலேயே உபரி என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால்தான் கணக்கு நேர்ப்படும்.

இப்போது எங்கே நிற்கிறது?

பேட்டரிக்கும் தாவரத்துக்கும் உறவு புதிதல்ல. 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் லித்தியம் அயனி பேட்டரியில் ஆனோடு கோக்கால் ஆனது. அடுத்து வந்தவற்றில் ஹார்டு கார்பன் இடம்பிடித்தது. அதற்கு மூலமான ஃபர்ஃபியூரில் ஆல்கஹால், மக்காச்சோளத் தக்கை போன்ற வேளாண் எச்சங்களிலிருந்து எடுக்கப்படும் வேதிப்பொருள். பிறகு எலக்ட்ரோலைட் மேம்பட்டதும் கிராஃபைட் வென்றது. இன்றும் பெரும்பாலான கிராஃபைட் ஆனோடுகளில் தூளை ஒட்டிப் பிடிக்க உதவும் கார்பாக்சிமெதில் செல்லுலோஸ், தாவரச் செல்லுலோஸிலிருந்து வருவதுதான்.

2021இல் சீனாவின் சிஏடிஎல் நிறுவனம் ஹார்டு கார்பன் ஆனோடு கொண்ட சோடியம் அயனி பேட்டரியை அறிவித்தது. கிலோவுக்கு 160 வாட் மணி என்று ஆற்றலைக் குறிப்பிட்டது. ஜப்பானின் குராரே நிறுவனம் தாவர மூலத்திலிருந்து செய்த ஹார்டு கார்பனை விற்கிறது. பின்லாந்தின் ஸ்டோரா என்சோ, தன் கூழ் ஆலையின் லிக்னினிலிருந்து ஆனோடு கார்பன் செய்ய 2021இல் ஒரு முன்னோட்ட ஆலையைத் தொடங்கியது. 2022இல் சுவீடனின் பேட்டரி நிறுவனமான நார்த்வோல்ட்டோடு கைகோத்தது. 2025இல் நார்த்வோல்ட் திவாலானது. கார்பனின் தரம் மட்டும் ஒரு தொழிலைக் காப்பாற்றிவிடாது, அதை வாங்கும் பேட்டரி ஆலை நிற்க வேண்டும்.

சோடியம் பேட்டரி எடைக்கு எடை லித்தியம் பேட்டரியைவிடக் குறைவாகவே சேமிக்கிறது. ஹார்டு கார்பன் கிராஃபைட்டைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் இடமும் கூடுதலாக வேண்டும். ஆகவே செல்பேசியைவிட, மின்நிலையச் சேமிப்புக்கும் குறைந்த தூரம் ஓடும் வண்டிகளுக்கும் இது நன்றாகப் பொருந்தும் என்பது என் கருத்து.

அடுத்த செய்தியைப் படிக்கும்போது

கொள்ளளவு எண்ணை மட்டும் பார்த்து வியந்துவிட வேண்டாம். குறைந்த வெப்பத்தில் செய்த, ஹைட்ரஜன் மிஞ்சிய கார்பன்கள் லித்தியத்தில் 372ஐயும் தாண்டிய கொள்ளளவைக் காட்டுவதுண்டு. கிராஃபைட்டை மிஞ்சியது என்று செய்தி வரும். ஆனால் அவை உள்வாங்கிய லித்தியத்தை ஒரு வோல்ட்டை ஒட்டிய அழுத்தத்தில்தான் திருப்பித் தருகின்றன. கிராஃபைட் 0.1 முதல் 0.2 வோல்ட்டிலேயே தந்துவிடும். ஆனோடின் வோல்ட் ஏறினால் பேட்டரியின் மொத்த வோல்ட் இறங்கும், கையில் கிடைக்கும் ஆற்றலும் இறங்கும்.

அப்புறம், சோதனை எந்த வகைச் செல்லில் நடந்தது என்று பாருங்கள். ஆய்வகங்களில் பெரும்பாலும் அரைச்செல்லில் சோதிப்பார்கள். புதிய கார்பன் ஒரு பக்கம், மறுபக்கம் தூய லித்தியம் அல்லது சோடியம் உலோகத் தகடு. அந்தத் தகட்டில் அயனிகள் தேவைக்கு மிஞ்சி இருக்கின்றன. முதல் சார்ஜில் 20 சதவீதம் தொலைந்தாலும் அடுத்த சார்ஜில் தகடு ஈடுகட்டிவிடும். ஆயிரம் சுழற்சிக்குப் பின்னும் கொள்ளளவு குறையவில்லை என்று அழகான வரைபடம் கிடைக்கும். முழுச்செல் அப்படியல்ல. அதில் எதிரே இருப்பது உண்மையான கேத்தோடு. அதிலுள்ள அயனிகள் எண்ணி வைத்தவை, தொலைந்தால் ஈடில்லை. முழுச்செல்லில் எத்தனை சுழற்சி ஓடியது, முதல் சுழற்சித் திறன் எவ்வளவு, மின்முனையில் கார்பனை எவ்வளவு தடிமனாகப் பூசினார்கள் என்ற மூன்று விவரமும் செய்தியில் இருந்தால், அது எந்தச் செடியிலிருந்து வந்ததாக இருந்தாலும் நேரம் ஒதுக்கிப் படிக்கலாம். அரைச்செல் எண் ஒன்று மட்டும் இருந்தால், அது ஆய்வகத்தின் முதல் படி என்று எடுத்துக்கொள்ளலாம்.